தென்காசிப் பக்கம் கேமராவோடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மதுரையிலிருந்து ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசிக்கு வரும் பெரிய சாலையிலும் படம் எடுக்க நிறைய இருக்கிறது. வண்டியை நிறுத்தத்தான் இடம் இருக்காது. கேரளாவுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிப் போகும் லாரிகள் விடாமல் ஹாரன் அடிக்கும். அதனால் சுரண்டை, சாம்பவர்வடகரை, சுந்தரபாண்டியபுரம், ஆய்க்குடி என்று ஊர்ச்சாலைகளில் இறங்குகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அங்கேயும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். மலை எந்தப் பக்கம், வெயில் எந்தப் பக்கம் என்று பார்ப்பதில்லை.

இங்கே மலை மேற்கே இருக்கிறது. காலையில் குற்றாலத்தில் குளித்துவிட்டு, மதியம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, சாயங்கால வெளிச்சத்தில் படம் எடுக்கலாம் என்று வருகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். போனில் காட்டும் சூரிய அஸ்தமன நேரத்தை நம்பக் கூடாது. அதற்கு வெகு முன்பே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். சாரல் காலமென்றால் உச்சியில் மேகம் வேறு உட்கார்ந்திருக்கும். மிஞ்சுவது வெளுத்த வானமும் இருண்ட மலையும்தான்.

ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி பார்க்க வருகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இளஞ்செடிதான் சூரியனோடு திரும்பும். முழுதாக மலர்ந்த பூ கிழக்கைப் பார்த்து நின்றுவிடும். ஆகவே தோட்டத்துக்குக் கிழக்கே நின்று மேற்கே பார்த்து எடுக்க வேண்டும். காலையில் அப்படி நின்றால் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து விழும். பூவின் முகமும் மலையும் சேர்ந்தே வெளிச்சத்தில் இருக்கும். அதே இடத்தில் சாயங்காலம் நின்றால் முகமெல்லாம் நிழலில், வெயில் நேரே லென்ஸுக்குள். சூரியன் ஆறு மணியை ஒட்டி எழுந்துவிடும், அதற்குள் இடத்தில் இருக்க வேண்டும். முந்தைய நாள் மாலையை இடம் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் யாரோ போட்ட லொகேஷனை நம்பி நேரே போய் நிற்பதும் வழக்கமாக நடக்கிறது. பூ இருந்த இடத்தில் இந்த வருடம் வேறு பயிர் நிற்கும், இல்லாவிட்டால் மணி பிடித்துத் தலை கவிழ்ந்திருக்கும். முதல் டீக்கடையில் கேட்டால் எந்த ஊர்ப் பக்கம் பூ நிற்கிறது என்று சொல்லிவிடுவார்கள். மேப்பைத் திறந்தால் அது மறுபடி மறுபடி பெரிய சாலைக்கே இழுக்கும். கிளம்புமுன் சாட்டிலைட் படத்தைப் பார்த்துவிடுவது நல்லது. இரு பக்கமும் பச்சை வரிசையாகத் தெரிவது பெரும்பாலும் பழைய புளியமரச் சாலை. நீர் ஓரமாக வளைந்து போவது குளத்தங்கரை. கரைமேல் போகும் பாதையில் கார் திருப்ப இடம் இருக்குமா என்று மட்டும் முதலில் நடந்து பார்த்துவிடுங்கள்.

சரி, காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் ஆனிக் காற்றை வைத்துத்தான் சுரண்டைப் பக்கக் காற்றாலைகள் ஓடுகின்றன. அந்தக் காற்றில் பூ சும்மா நிற்குமா? விடிகாலை மங்கலுக்காக ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் மலை மட்டும் தெளிவாக வரும், தோட்டம் முழுக்கக் கலங்கியிருக்கும். ட்ரைபாட் இதற்கு உதவாது. ஆடுவது பூ, கேமரா அல்ல. ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, தாராளமாக ஏற்றி 1/500 வினாடி ஷட்டரிலேயே எடுங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தால் விழட்டும். மலை என்றாலே லென்ஸ் முன்னால் போலரைசர் கண்ணாடியை மாட்டிவிடும் பழக்கமும் இங்கே வேண்டாம்: வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது அது வானத்தை நீலமாக்காது, இருக்கிற வெளிச்சத்தைத்தான் தின்னும். ஏசி காரிலிருந்து கேமராவை எடுத்ததும் லென்ஸ் வேர்த்துவிடும். போய்ச் சேரும் முன்பே ஏசியை அணைத்து ஜன்னலை இறக்கிவிட்டால் போதும்.

வண்டி விஷயத்தில் இரண்டு. செங்கோட்டைப் பக்கச் செம்மண்ணில் ஓரம் இறக்கிப் பழகியவர்கள், சங்கரன்கோவில் பக்கக் கரிசலிலும் அப்படியே இறக்குவார்கள். ஒரு தூறல் விழுந்தால் போதும், கரிசல் டயரைச் சுற்றி அப்பிக்கொள்ளும். அப்புறம் டிராக்டரைத் தேடிப் போக வேண்டும். இன்னொன்று, அறுவடை நாளில் தார்ச்சாலையே களமாகிவிடும். ஓரமாகக் கல் வைத்து நெல் காய்ந்தால் ஒதுங்கிப் போய்விடலாம். வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று கதிரையும் கொடியையும் குறுக்கே பரப்பியிருந்தால் அதன் மேல் காரை நிறுத்தாதீர்கள், வேகமாக ஏற்றவும் வேண்டாம். காய்ந்த கதிர்த்தாள் காரின் அடியில் சுற்றிக்கொண்டு, சூடான சைலன்சரில் பட்டுத் தீப்பிடிக்கும். கடந்ததும் இறங்கி ஒருமுறை குனிந்து பாருங்கள்.

புளியமர நிழலில் பாதி சாலையை அடைத்துக் காரை விட்டுவிட்டு நடுவில் நின்று படம் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மினிபஸ் டிரைவரே சொல்லிவிடுவார்.

கேட்காமல் தோட்டத்துக்குள் இறங்குவதுதான் எனக்கு எரிச்சலூட்டுவது. பூவுக்கு நடுவில் நின்று எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் நாலு செடி மிதிபட்டிருக்கும். அது எண்ணெய்க்குப் போகிற பயிர். "அண்ணாச்சி, ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டால் மாட்டேன் என்கிறவர்கள் குறைவு. "வரப்புல நின்னு எடுங்க, உள்ள மட்டும் போயிராதீய" என்பார்கள். காசு கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். நாற்று நடும் பெண்களைத் தூரத்திலிருந்து ஜூம் போட்டுப் பிடிப்பதும் இதே கணக்குத்தான். கேட்டுவிட்டு எடுங்கள், சிரித்த முகமாகவே கிடைக்கும்.

அணைப் பக்கமோ காட்டை ஒட்டியோ ட்ரோனை எடுக்குமுன் அனுமதி உண்டா என்று விசாரித்துவிட வேண்டும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகும் சாலைகளில் சோதனைச் சாவடி உண்டு. நேரமும் அனுமதியும் வனத்துறை வைத்ததுதான். கெஞ்சிப் பார்க்கலாம் என்று சாயங்காலம் போய் நிற்காதீர்கள்.

படத்தைப் போடும்போது ஊர்ப் பெயர் போதும், தோட்டத்தின் லொகேஷன் வேண்டாம். போட்டீர்களென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோட்டத்துச் சம்சாரி வேலையை விட்டுவிட்டு வரப்பில் காவல் நிற்க வேண்டியிருக்கும்.