வீட்டிலிருந்து வேலையா? பொது நேரத்தை முதலில் பேசிவிடுங்கள்

2020 மார்ச் ஊரடங்கில் ஐ.டி. வேலை வீட்டுக்கு வந்தது. 'எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்' என்ற சலுகை, பல வீடுகளில் எந்நேரமும் வேலை என்று மாறிவிட்டது. கொரோனா காலத்தில் இதுதான் ஆளை அதிகம் சோர்வாக்கியது.

டீமில் எல்லோரும் பேசி ஒரு பொது நேரம் வையுங்கள். காலை 11 முதல் 1, மாலை 3 முதல் 5 என்று வைத்துக்கொள்ளலாம். மீட்டிங், போன் எல்லாம் அதற்குள் முடியட்டும். மீதி வேலை அவரவர் வசதி. பிள்ளையைக் கவனித்துக்கொள்ள வேண்டியவர் விடியற்காலையிலேயே பாதியை முடித்துவிடுவார்.

இரவு பத்து மணிக்கு மேலாளரிடமிருந்து மெசேஜ் வந்தால், 'அவசரமில்லை' என்று போட்டிருந்தாலும் கை லேப்டாப்பைத் திறந்துவிடும். அதனால் மேலாளர்களே, எழுதியதை மறுநாள் காலை போகும்படி ஷெட்யூல் செய்யுங்கள். போர்ச்சுகல் 2021-இல் இதற்குச் சட்டமே போட்டது: அவசர நிலை தவிர, வேலை நேரத்துக்கு வெளியே ஊழியரை நிறுவனம் தொடர்புகொள்ளக் கூடாது.

அப்புறம், காய்ச்சல் வந்தால் லீவுதான். 'வீட்டில்தானே இருக்கிறோம்' என்று லாகின் செய்யாதீர்கள். லேசான கொரோனாவுக்கும் ஓய்வு வேண்டும். ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 94%-க்குக் கீழே காட்டினால் உடனே டாக்டரிடம் பேசுங்கள். டீம் லீடாக இருப்பவர்களே, 'லீவு எடுங்க' என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். வேலை போய்விடுமோ என்று பயந்திருப்பவர் தானாக வந்து கேட்க மாட்டார்.