ஒரே முகம், நான்கு நிறம்: பாப் ஆர்ட் படம் செய்ய ஒரு வழி

கல்லூரி ப்ராஜெக்டுக்குப் பாப் ஆர்ட், அதாவது விளம்பரம், சினிமா மாதிரி எல்லோருக்கும் பழகிய உருவங்களைப் பளிச்சென்ற நிறங்களில் காட்டும் கலை, செய்யப் போகிறவர்கள் நேராக ரெடிமேட் ஃபில்டருக்குப் போகாதீர்கள், ஒருமுறை கையால் செய்து பார்த்தால்தான் அந்தக் கலை எப்படி உருவானது என்பது பிடிபடும். அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் 1962-இல் ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோவின் விளம்பரப் புகைப்படம் ஒன்றை எடுத்து, தட்டையான நிறங்களைத் தனியாகப் பூசி, கறுப்பு மையைத் தனியாகப் பதித்தார். கறுப்பைப் பதித்தது பட்டுத்திரை அச்சு முறையில், அதாவது திரைத்துணி வழியாக மையைத் தள்ளி. கணினியில் நாம் செய்வதும் அதே இரண்டு வேலைதான்.

படம் எடுக்கும்போது ஆளை ஜன்னல் ஓரமாக நிற்க வையுங்கள், வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரட்டும், பின்னால் வெறும் சுவர் போதும். ஃபிளாஷ் வேண்டாம், நிழல் போய்விடும்.

அப்புறம் இலவச மென்பொருளான ஜிம்ப்பில் படத்தைத் திறந்து, லேயரை (படத்தின் அடுக்கை) நகலெடுத்து, கலர்ஸ் மெனுவில், படத்தை வெறும் கறுப்பு வெள்ளையாக்கும் த்ரெஷோல்டைத் தேர்ந்தெடுங்கள். கண், உதடு, தாடைக்கோடு மூன்றும் தெளியும்வரை ஸ்லைடரை நகர்த்துங்கள், இதில் அவசரப்படாதீர்கள், முழுப் படமும் இந்த இடத்தில்தான் அமைகிறது. அந்த லேயரின் மோடை மல்டிப்ளை ஆக்கினால் வெள்ளை மறைந்து கறுப்பு மட்டும் நிற்கும். அதற்குக் கீழே புதிய லேயர் போட்டு முகம், முடி, பின்னணி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிறத்தை அடர்த்தியாகப் பூசுங்கள். விளிம்பு கொஞ்சம் பிசகினால் திருத்த வேண்டாம், வார்ஹாலின் மர்லின் படங்களிலும் நிறம் கோட்டை விட்டு விலகியிருக்கும், எனக்கு அந்த உயிர்ப்புதான் ரொம்பப் பிடிக்கும்.

பிறகு நிறங்களை மட்டும் மாற்றி நான்கு பிரதிகள் எடுத்து, கட்டம் கட்டமாக அடுக்குங்கள்.