தட்டுல வட்டம் விழுந்தா மருந்து ஆயிடாது

மருந்துவாழ் மலை நம்ம ஊர்ல இருக்கதாலயோ என்னவோ, ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமிக்கும் மலைல பச்சிலை இருக்குன்னு நாகர்கோவில் பக்கம் யார்ட்ட பேசினாலும் சொல்லுவாங்க. எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு, அதான் எம்.எஸ்சி மைக்ரோபயாலஜி ப்ராஜெக்ட்டுக்கு குப்பைமேனி எடுத்தேன். அதுல நான் பண்ண தப்பையே முதல்ல சொல்லுதேன்.

இலைய நிழல்ல காய வச்சு பொடிச்சு மெத்தனால்ல ஊறப்போட்டு, அந்த கரும்பச்சை சாற பேப்பர் டிஸ்க்ல சொட்டு விட்டு, கிருமி தடவின அகார் தட்டுல (கிருமி வளக்க ஜெல்லி ஊத்தின தட்டு) வச்சேன், மறுநாள் காலைல பாத்தா டிஸ்க்க சுத்தி கிருமி வளராம கண்ணாடி மாதிரி ஒரு வட்டம், சந்தோஷத்துல கை நடுங்கிட்டு. மேடம் ஒரே கேள்விதான் கேட்டாங்க, "வெறும் மெத்தனால் விட்ட டிஸ்க் எங்க?" வைக்கவே இல்ல. டிஸ்க் நல்லா காயலன்னா மெத்தனாலே கிருமிய கொல்லும், அப்புறம் இலைதான் கொன்னுச்சுன்னு எப்படி சொல்ல?

அடுத்த தப்பு, வட்டத்த ஸ்கேல் வச்சு அளந்து ஆன்டிபயாட்டிக்க ஜெயிச்சாச்சுன்னு எழுதுறது. சிப்ரோஃப்ளாக்சசின்ங்கற ஆன்டிபயாட்டிக் டிஸ்க்ல இருக்கது வெறும் 5 மைக்ரோகிராம், நம்ம சாறு மில்லிகிராம் கணக்குல போவும், ஒரு மில்லிகிராம்னாலே 1000 மைக்ரோகிராம் பாத்துக்கிடுங்க. எண்ணெய்ப்பசை உள்ள சாறு அகார்ல சரியா பரவாது, அதனால வட்டம் சின்னதுன்னு தூக்கிப் போடவும் கூடாது. எவ்வளவு குறைஞ்ச அளவுல கிருமி வளராம நிக்குன்னு எம்.ஐ.சி பாக்கணும்.

மரமஞ்சள்ல உள்ள பெர்பெரின் கிருமிய கொல்ல நல்ல சரக்குதான், ஆனா ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி நோர்ஏன்னு ஒரு பம்ப் வச்சு அத வெளிய தள்ளிடும். மிளகுல உள்ள பைப்பரின் அந்த பம்ப அடைக்குதுன்னு லேப்ல பாத்திருக்காங்க, அதனால தனியா கொல்லாத சரக்கையும் மருந்தோட சேத்து டெஸ்ட் பண்ணாம விட்டுடாதீங்க. மலைல குறைஞ்சுட்டே வர மரமஞ்சள் கொடிய மட்டும் வேரோட வெட்டாதீங்க.

எல்லாத்தையும் விட மனச அறுக்கது வீட்ல நடக்க தப்பு. சுகர் உள்ள எங்க சித்தப்பா கால் புண்ணுக்கு டாக்டர் குடுத்த மாத்திரைய மூணாம் நாளே நிப்பாட்டிட்டு, அம்மியில அரைச்ச குப்பைமேனியும் மஞ்சளும் வச்சு கட்டினாங்க, துணிய அவுத்தப்ப பச்சை பத்துக்கு அடியில சீழ் கட்டி விரல் கறுத்துப் போயிருந்துச்சு. அரைச்ச இலைல மண்ணும் அதுல உள்ள கிருமியும் சேந்தே வரும், தொறந்த புண்ணுல வைக்காதீங்க. புண்ணு ஆறலன்னா சீழ கல்ச்சர் டெஸ்ட்டுக்கு குடுங்க, எந்த மருந்து கேக்கும்னு ரெண்டு மூணு நாள்ல தெரிஞ்சிடும், அதுவரைக்கும் டாக்டர் குடுத்தத நிப்பாட்டாதீங்க.