'சாப்பிட வைத்தேன்' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்லக் கூடாது?

காரைக்குடி பக்கம் கானாடுகாத்தானில் விருந்தினர் தங்குகிற ஒரு பழைய வீட்டில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் என் மாலை வகுப்புக்கு வருகிறார். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு வயதான அம்மாவுக்குக் காலையில் வெள்ளைப் பணியாரம் பரிமாறியிருக்கிறார். தட்டு காலியானதும் ஆசையாக, "ஐ வில் மேக் யூ டு ஈட் ஒன் மோர்" என்றாராம். அந்த அம்மா இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொண்டு "நோ, நோ, ப்ளீஸ்" என்றிருக்கிறார். "இன்னும் ஒண்ணு சாப்பிட வைக்கிறேன்னுதானே சார் சொன்னேன், அதுல என்ன தப்பு?" என்று வந்து கேட்டார். குரல் கம்மியிருந்தது.

அந்த வாக்கியத்தில் இரண்டு தவறு இருக்கிறது. 'மேக்' வந்தால் அடுத்த வினைக்கு முன்னால் 'டு' வராது என்பது சின்னத் தவறு. பெரிய தவறு பொருளில் இருக்கிறது. நம் ஊரில் ஒருவரைச் சாப்பிட வைப்பது அன்பு. வேண்டாம் என்று கை நீட்டினாலும் ஆச்சி இலையில் இன்னொன்று வைத்துவிட்டுத்தான் நகர்வார். ஆங்கிலத்தில் ஒருவரை 'மேக் ஹெர் ஈட்' என்றால் அவர் விருப்பத்துக்கு மாறாகக் கட்டாயப்படுத்துவது. "வுட் யூ லைக் ஒன் மோர்?" என்று கேட்டிருந்தால் போதும். இன்னும் அன்பாகச் சொல்ல வேண்டும் என்றால் "ஐட் லவ் யூ டு ட்ரை ஒன் மோர்."

இந்த 'டு' ஏன் நம் வாயில் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது? சாப்பிட வைத்தார், சாப்பிட விட்டார், சாப்பிடச் சொன்னார், சாப்பிட அழைத்தார். நான்கிலும் 'சாப்பிட' மாறவே இல்லை. தமிழுக்கு அந்த ஓர் எச்சம் போதும். ஆங்கிலத்தில் முன்னால் நிற்கும் வினைதான் பின்னால் வருவதன் உருவத்தை முடிவு செய்கிறது. மேக், லெட், ஹேவ் மூன்றுக்கும் பிறகு வினை மொட்டையாக வரும்: "ஷி மேட் மீ வெயிட்", "ஷி லெட் மீ கோ". கெட், ஆஸ்க், டெல், வான்ட், அலவ் இவற்றுக்கெல்லாம் 'டு' வேண்டும்: "ஐ காட் தி எலக்ட்ரீஷியன் டு கம்." 'ஹெல்ப்' மட்டும் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். சிலர் 'மேட்' இறந்தகாலம்தானே என்று "மேட் மீ வெயிட்டட்" என்கிறார்கள். காலத்தை ஓரிடத்தில் காட்டினால் போதும், இரண்டாவது வினை அப்படியே இருக்கட்டும்.

'வைத்தார்' என்பதை எல்லா இடத்திலும் 'மேட்' ஆக்குவதுதான் எனக்கு அதிகம் வருத்தம் தரும் தவறு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947-ல் கல்லூரி தொடங்கிய ஊர் காரைக்குடி. இங்கே 'படிக்க வைத்தார்' என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் பழகும் மாணவர்கள் "மை ஃபாதர் மேட் மீ ஸ்டடி" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கேட்பவருக்கு, படிக்க மாட்டேன் என்றவனை அப்பா அதட்டி உட்கார வைத்தது போலத் தோன்றும். நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய அப்பாவுக்கு அது நியாயமே இல்லை. "மை ஃபாதர் புட் மீ த்ரூ காலேஜ்" என்று சொல்லுங்கள். செலவும் உழைப்பும் அதற்குள் வந்துவிடும். நீங்களே ஆசைப்பட்டு அப்பா சம்மதித்தார் என்றால் 'லெட்'. "மை ஃபாதர் லெட் மீ ஸ்டடி இன் சென்னை."

உணர்ச்சிகளுக்கு மட்டும் 'மேக்' கட்டாயப் பொருள் தராது. "ஹிஸ் லெட்டர் மேட் மீ க்ரை" என்றால் கடிதம் படித்ததும் அழுகை தானாக வந்தது என்றுதான் பொருள். "இட் மேட் மீ ஹேப்பி" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'ஹேப்பிலி' வேண்டாம், 'டு ஃபீல்' என்று இடையில் செருகவும் வேண்டாம்.

சரி, அடுத்தது 'ஹேவ்'. 'கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது' என்று பள்ளியில் படித்திருப்போம். கரிகாலன் கல் சுமக்கவில்லை. கட்டச் சொன்னவன், ஏவுதல் கருத்தா. கட்டியவர்கள் இயற்றுதல் கருத்தா. தமிழில் இருவருக்கும் ஒரே வினையைப் போடலாம், கேட்பவர் புரிந்துகொள்வார். 'ப்ளவுஸ் தைச்சேன்', 'பல்லைப் பிடுங்கினேன்' என்று பேசுகிறோம், தைத்தது தையல்காரர், பிடுங்கியது டாக்டர். இதை அப்படியே "ஐ ஸ்டிச்ட் திஸ் ப்ளவுஸ்" என்றால் ஊசி உங்கள் கையில் இருந்ததாகத்தான் அர்த்தம். "ஐ ஹேட் திஸ் ப்ளவுஸ் ஸ்டிச்ட்" என்பதே சரி. பொருள் நடுவில், செயல் கடைசியில், வினையின் மூன்றாவது வடிவத்தில். "வி ஹேட் தி ஃப்ளோர் டைல்ட்", "ஐ ஹேட் மை டூத் புல்ட் அவுட்." இந்த வரிசை பிசகினால் பொருளும் பிசகும். "ஐ ஹேட் ஸ்டிச்ட் திஸ் ப்ளவுஸ்" என்றால் நானே முன்பு தைத்திருந்தேன் என்றாகிவிடும்.

அப்புறம் பார்ப்பதும் கேட்பதும். தமிழில் 'அவர் தரைக்கல் செய்வதைப் பார்த்தேன்' என்று ஒரே மாதிரி சொல்வோம். ஆங்கிலத்தில் இரண்டு வழி உண்டு, இரண்டும் சரி, ஆனால் பொருள் வேறு. வகுப்பில் இதற்கு ஆத்தங்குடிக் கல்லை, அதாவது இந்தப் பக்கத்தில் கையால் செய்யும் பூப்போட்ட தரைக்கல்லைத்தான் உதாரணம் காட்டுவேன். கல் செய்பவர் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைக்கிறார், ஒவ்வொரு கட்டத்திலும் நிறக் கலவையை ஊற்றுகிறார், அச்சை மெல்லத் தூக்குகிறார். மேலே உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, ஈரக் கலவையைப் போட்டு அமுக்கி மட்டமாக்குகிறார். முதலிலிருந்து கடைசிவரை கூடவே நின்றிருந்தால் "ஐ வாட்ச்ட் ஹிம் மேக் எ டைல்." பட்டறை வாசலைக் கடக்கும்போது கலவை ஊற்றுவது மட்டும் கண்ணில் பட்டது என்றால் "ஐ சா ஹிம் மேக்கிங் எ டைல்." மொட்டை வினை செயலை முழுசாகக் காட்டும். 'இங்' நடுவில் ஒரு கணத்தைக் காட்டும்.

நொடியில் முடியும் செயல் என்றால் கணக்கு வேறு. வீட்டின் பெரிய தேக்குக் கதவு ஒருமுறை அறைந்து சாத்தினால் "ஐ ஹியர்ட் தி டோர் பேங்." காற்றில் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருந்தால் 'பேங்கிங்'. இந்த இடத்திலும் 'டு' வராது. "ஐ சா ஹிம் டு கம்" என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமே கிடையாது. மணத்துக்கு 'இங்' மட்டும்தான்: "ஐ கேன் ஸ்மெல் சம்திங் பர்னிங்."

இதைப் படித்த வாரத்திலேயே அந்தப் பெண் விருந்தினரிடம் "கம் அண்ட் வாட்ச் ஆச்சி மேக் பணியாரம்" என்று சொல்லியிருக்கிறார். மாவைக் கரண்டியால் ஊற்றுவதிலிருந்து எடுப்பதுவரை முழுசாகப் பார்க்க வாருங்கள் என்பது அதிலேயே இருக்கிறது. எனக்கு அன்று மனசு நிறைந்தது.

இடையில் 'தட்' வந்தால் அது கண்ணையும் காதையும் விட்டு அறிவுக்குப் போய்விடும். "ஐ ஹியர்ட் ஹெர் சிங்" என்றால் பாட்டு என் காதில் விழுந்தது. "ஐ ஹியர்ட் தட் ஷி சிங்ஸ்" என்றால் அவர் பாடுவார் என்று கேள்விப்பட்டேன், அவ்வளவுதான். போனில் "ஐ ஆம் ஹியரிங் யூ" என்பதை விட்டு "ஐ கேன் ஹியர் யூ" என்று பழகுங்கள்.

'இங்', 'எட்' குழப்பம் பலருக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நேர்முகத் தேர்வில் இன்னும் கேட்கிறது. "ஐ ஆம் இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்" என்று சொல்லாதீர்கள். உணர்ச்சியைத் தருவது 'இங்', அதை உணர்பவர் 'எட்'. வேலை இன்ட்ரஸ்டிங், நீங்கள் இன்ட்ரஸ்டட்.

கடைசியாக ஒன்று. 'மேக்' செயப்பாட்டு வினையானால், விரட்டிய 'டு' திரும்பி வந்துவிடும்: "வி வேர் மேட் டு வெயிட்." 'சீ'க்கும் அப்படியே, "ஹி வாஸ் சீன் டு லீவ்." 'லெட்'டை இப்படித் திருப்ப வேண்டாம். "ஐ வாஸ் லெட் டு கோ" என்று எழுதாமல் "ஐ வாஸ் அலவுட் டு கோ" என்று எழுதுங்கள்.