வாரத்துக்கு ஒரு கட்டளை

எங்கள் லுத்தரன் சபையில் திடப்படுத்தல் வகுப்புக்கு, அதாவது சபையில் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிட ஆயத்தமாகும் வகுப்புக்கு, வரும் பிள்ளைகள் பத்துக் கட்டளைகளையும் தடங்கல் இல்லாமல் ஒப்பித்துவிடுவார்கள். மனப்பாடம் வேண்டும்தான். ஆனால் கட்டளையின்படி நடக்க அது போதாது. அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறை பெரியவர்களுக்கும் பொருந்தும்.

வாரத்துக்கு ஒரு கட்டளை போதும். வேத புத்தகத்தில் யாத்திராகமம் 20, உபாகமம் 5 ஆகிய இரண்டு அதிகாரங்களிலும் அதை வாசியுங்கள். "இந்தக் கட்டளை யாரைக் காப்பாற்றுகிறது?" என்று முதலில் கேளுங்கள். இந்தக் கேள்வியை விட்டுவிட்டால், "நான் கொலை செய்யவில்லை, திருடவில்லை" என்று பட்டியலுக்கு டிக் அடித்துவிட்டுப் போய்விடுவோம்.

ஓய்வுநாள் கட்டளையைப் பாருங்கள். யாத்திராகமம் அதற்குப் படைப்பைக் காரணம் காட்டுகிறது. உபாகமமோ, நீங்கள் எகிப்தில் அடிமையாயிருந்ததை நினையுங்கள், உங்களைப் போலவே வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்கிறது. அப்படியானால் ஞாயிறு ஆராதனைக்கு நாம் போயிருக்கும்போது, நம் வீட்டுப் பின்கட்டில் பிரியாணிச் சட்டியைத் தேய்ப்பது யார்? அந்த அக்காவுக்குச் சம்பளம் பிடிக்காமல் ஞாயிறு விடுமுறை கொடுங்கள். திங்கட்கிழமை அவருக்காகப் பாத்திரத்தைக் குவித்தும் வைக்காதீர்கள். நாமே கழுவிவிடலாம்.

அடுத்த கேள்வி: "செய்யாதே என்பதோடு, என்ன செய்யச் சொல்கிறது?" எங்கள் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூல் இதற்கு நல்ல துணை. கொலை செய்யாதிருப்பாயாக என்ற கட்டளைக்கு, அயலானின் உடலுக்குத் தீங்கு செய்யாமல் இருப்பதோடு, அவனுடைய தேவைகளில் அவனுக்கு உதவவும் வேண்டும் என்று விளக்கம் தருகிறார். பொய்ச்சாட்சிக் கட்டளைக்கும் அப்படியே: அயலானுக்காகப் பரிந்து பேசு, அவன் செய்வதை நல்லவிதமாக எடுத்துக்கொள். ஆராதனை முடிந்து வாசலில் நின்று யார் வீட்டுப் பெண்ணைப் பற்றியாவது பேச்சு ஆரம்பிக்கும்போது, வாயை மூடிக்கொண்டு நிற்பது பாதிக் கீழ்ப்படிதல்தான்.

தாய் தகப்பனைக் கனம்பண்ணும் கட்டளையைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுகிறோம். மாற்கு 7-ஐ வாசியுங்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் "கொர்பான்", அதாவது காணிக்கை, என்று சொல்லிக் கைவிட இடம்கொடுத்த பெரியவர்களைத்தான் இயேசு கண்டித்தார். பக்தியையே சாக்காக வைத்துக் கட்டளையை மீற முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பகுதி எனக்குத் தெரிந்து இல்லை. ஆகவே இந்த வாரம் காணிக்கைக் கவரையும் அம்மாவின் மருந்துச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊரில் தனியாக இருக்கிறார் என்றால், கண் பரிசோதனைக்கு நீங்களே கூட்டிப்போக ஒரு நாள் லீவு போடுங்கள்.

கோபத்தை மத்தேயு 5 கொலையோடு சேர்த்தே பேசுகிறது. உன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறார் ஆண்டவர். அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து ஞாயிறு வருவதற்குள் அந்த ஒருவருக்குப் போன் செய்யுங்கள். நியாயம் யார் பக்கம் என்ற விசாரணை அந்தப் போனில் வேண்டாம்.

இப்படிக் கிடைக்கும் ஒரு செயலை வேத புத்தகத்தில் அந்த அதிகாரத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். சனிக்கிழமை இரவு எடுத்துப் பாருங்கள். செய்திருந்தால் அடுத்த கட்டளைக்குப் போகலாம். இல்லையென்றால் அடுத்த வாரமும் அதே கட்டளைதான்.