ரெசின் ஏற்றிய வார்ப்புகளைச் சோதிக்கையில் தவிர்க்க வேண்டியவை

பட்டறைக்குப் பழக வரும் பிள்ளைகளைப் பார்த்தால், நாங்கள் அந்த வயதில் அடித்த அதே கூத்து இன்னும் ஓடுகிறது. வால்வை மூட மறப்பது, தேய்ந்த ரப்பர் வளையத்தைப் போடுவது எல்லாம் நாலு ஏச்சு விழுந்தால் சரியாகிவிடும். அவற்றை விடுகிறேன்.

வேலை இதுதான்: உலோக வார்ப்பின் நுண்துளைகளில் இருக்கும் காற்றை வெக்யூமில் உறிஞ்சி, ரெசின் என்ற திரவப் பிசினை உள்ளே ஏற்றி, மேலே ஒட்டியதைக் கழுவி, 90 பாகை வெந்நீரில் இறுக வைக்கிறோம். அதன்பின் கசிகிறதா என்று பார்க்கிறோம்.

ஈரத்தோடு சோதிப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இது. வெந்நீர்த் தொட்டியிலிருந்து எடுத்த கையோடு காற்றை அடைத்துத் தண்ணீருக்குள் அமிழ்த்துவார்கள். குமிழி வராது. "ஓகே" என்று சோக்கட்டியால் எழுதிவிடுவார்கள்.

ரெசின் பிடிக்காத துளைக்குள் தண்ணீர் நின்றால் அதுவே அடைப்பு. நனைந்த சாக்கில் காற்று ஊதிப் பாருங்கள், புரியும். 2 மைக்ரோன் துளையில் நிற்கும் நீரைத் தள்ள ஏறக்குறைய 1.4 பார் அழுத்தம் வேண்டும். 1 பாரில் சோதித்தால் நல்லதும் கெட்டதும் ஒன்றாகத்தான் தெரியும்.

தேயிலை பெக்டரி ஒன்றின் ரோலர் கியர்பொக்ஸ் மூடி இப்படித்தான் "பாஸ்" ஆகிப் போனது. ஓடிச் சூடேறியதும் துளையிலிருந்த நீர் காய்ந்தது, எண்ணெய் வழி கண்டுபிடித்தது. அடிப்பக்கம் வியர்த்தாற்போல் பளபளத்து, சொட்டு உருட்டும் கொழுந்தில் விழுந்தது. டீமேக்கர் அந்த ரோலரில் கிடந்ததை முழுவதும் கொட்டச் சொன்னார். மூடியைவிடக் கொழுந்துக்குத்தான் நஷ்டம் அதிகம்.

எங்கள் பக்கத்து மூடுபனியில் மேசைமேல் வைத்தால் காயாது. அடுப்பில் 110 பாகையில் உள்ளும் புறமும் காயவிட்டு, ஆறவிட்டுச் சோதியுங்கள். கொம்பிரசர் தொட்டியின் தண்ணீரையும் காலையிலேயே திறந்து விடுங்கள். ஈரக் காற்றை அடித்தால் காயவைத்ததே வீண்.

மலையில் வெக்யூம் கேஜ்

கையேட்டில் வெக்யூம் 28 அங்குலம் (பாதரச அளவில்) என்று இருக்கும். சாதாரண கேஜ் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் காட்டும். கொழும்பில் அது சரி. 1,868 மீற்றர் உயர நுவரெலியாவில் வெளிக்காற்றே ஏறக்குறைய 24 அங்குலம்தான், ஊசி அதற்கு மேல் எங்கே போகும்? பம்பில் கோளாறென்று கழற்றிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம் பம்ப். வெளிக்காற்றைச் சாராமல் மில்லிபாரில் காட்டும் கேஜ் வாங்குங்கள்.

அதிலும் ஒரு வசதி உண்டு. 20 பாகையில் நீர் 23 மில்லிபாரிலேயே கொதிக்கும். ஊசி அந்தப் பக்கத்தில் அடம்பிடித்து நின்றால், பொருள் காயாமல் உள்ளே போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீர் பிடித்த இடத்தில் ரெசின் ஏறாது.

சூடாக இருக்கையில் அழுத்த இறக்கம் பார்ப்பது

காற்றை அடைத்து மூடிவிட்டு, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பதும் ஒரு சோதனை. உள்ளே 3 பார் தனியழுத்தம் (வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து எண்ணியது) இருந்தால், 1 பாகை ஆறினாலே 10 மில்லிபார் இறங்கும். அதைக் கசிவென்று எழுதாதீர்கள்.

விரிசலுக்கு ரெசின்

பிடிக்காது. வார்ப்பையே புதிதாக வார்த்துக்கொள்ளுங்கள்.

சோதித்த பிறகு கடைசல்

மேல்தோலைச் சீவினால் மூடியிருந்த துளைகள் திறக்கும், பழைய சோதனை செல்லாது. கடைசல், துளையிடல் எல்லாம் முடித்து ரெசின் ஏற்றுங்கள். பெயிண்ட் கடைசியில். பெயிண்ட் பூசிவிட்டு என்னிடம் கொண்டுவந்தால் முதலில் சுரண்டச் சொல்வேன்.