150 கிராம் பருப்பு என்றால் எத்தனை டம்ளர்?

சமையல் குறிப்பு 150 கிராம் துவரம்பருப்பு போடச் சொல்கிறது. வீட்டில் இருப்பதோ டம்ளர் மட்டும். புதிதாகச் சமைக்க வருகிறவர்கள் இந்த இடத்தில் இணையத்தில் பெரிய பட்டியல்களைத் தேடுகிறார்கள். அது தேவையில்லை. பருப்புக்குப் பருப்பு எடை அதிகம் வேறுபடுவதில்லை; பாத்திரத்துக்குப் பாத்திரம்தான் வேறுபடுகிறது. உங்கள் டம்ளரை ஒரு முறை சரியாக அளந்துகொண்டால் போதும்.

படி 1: டம்ளர் எவ்வளவு கொள்ளும்?

காலி டம்ளரைச் சமையலறைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஒரு கிராம் என்பதால் தராசு 200 காட்டினால் அது 200 மி.லி. டம்ளர்.

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், குழப்பத்தின் ஊற்றே இங்குதான் இருக்கிறது. அமெரிக்கக் குறிப்புகளின் கப் சுமார் 240 மி.லி.; நம் கடைகளில் விற்கும் அளவுக் கப் பெரும்பாலும் 250; ரைஸ் குக்கருடன் வரும் கப் 180. பழைய ஆழாக்கு 168 மி.லி., எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆனால் இன்று பல வீடுகளில் 200 மி.லி. பாத்திரத்துக்கும் ஆழாக்கு என்றுதான் பெயர். பாட்டி சொன்ன அளவில் சாம்பார் கெட்டியாகிவிட்டது என்றால் முதலில் பாத்திரத்தைச் சந்தேகியுங்கள்.

படி 2: தலை தட்டி எடை போடுங்கள்

டம்ளரை ஈரமில்லாமல் துடைத்து, பருப்பை மேலிருந்து கொட்டி நிரப்புங்கள். குலுக்கவோ அழுத்தவோ வேண்டாம். குலுக்கினால் இடைவெளி குறைந்து கூடுதல் பருப்பு இறங்கும். கத்தியின் முதுகால் விளிம்போடு வழித்துவிட்டு எடை பாருங்கள். கோபுரமாக அளப்பது உங்கள் வழக்கமென்றால் அப்படியே நிறுத்துக்கொள்ளலாம், ஆனால் எப்போதும் அப்படியே அளக்க வேண்டும்.

துவரை, கடலை, உளுந்து, பாசிப்பருப்பு எல்லாம் 100 மி.லி.க்கு ஏறக்குறைய 80 முதல் 88 கிராம் வரை வரும். 200 மி.லி. டம்ளரில் 170 கிராமுக்கு அருகே. கொண்டைக்கடலையும் அதே கணக்குதான். ராஜ்மா கொஞ்சம் குறையும். தட்டைப்பயறு இன்னும் குறைந்து 70 கிராம் அளவில் நிற்கும்.

படி 3: வகுத்தால் டம்ளர், பெருக்கினால் கிராம்

உங்கள் டம்ளர் 168 கிராம் துவரம்பருப்பு பிடிக்கிறது என்று கொள்வோம். குறிப்பு கேட்பது 150 கிராம். 150-ஐ 168-ஆல் வகுத்தால் 0.89, அதாவது தலை தட்டிய டம்ளருக்குச் சற்றுக் குறைவு. மறுபக்கம், ஒன்றரை டம்ளர் என்றால் 168 × 1.5 = 252 கிராம். வந்த எண்ணைப் பருப்பு டப்பாவின் மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

தராசே இல்லையென்றால்? அரைக்கிலோ பாக்கெட்டைப் பிரித்து டம்ளரால் அளந்து டப்பாவில் கொட்டுங்கள். 200 மி.லி. டம்ளரானால் கிட்டத்தட்ட மூன்று வரும். 500-ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு டம்ளரின் எடை கிடைத்துவிடும். என்னைக் கேட்டால் தராசைவிட இதுவே எளிது.

கணக்கு செல்லாத இடங்கள்

இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்று அரிசியும் உளுந்தும் போடுகிறவர்களுக்கு மாற்றமே வேண்டாம். இரண்டையும் ஒரே டம்ளரால் அளந்தால் விகிதம் தானே அமையும். கடலைமாவுக்குப் பருப்பின் எண்ணைப் போடக் கூடாது. மாவு பருப்பைவிட மிகவும் இலேசு, தனியே நிறுத்துக்கொள்ளுங்கள்.

ஊறவைத்ததையும் உலர்ந்ததையும் கலந்து படிக்காதீர்கள். கொண்டைக்கடலை ஊறினால் எடை இரண்டு மடங்குக்கு மேல் போகும். வெந்தபின் ஒரு கப் இரண்டரை, மூன்று கப் ஆகும். வெளிநாட்டுக் குறிப்பு 400 கிராம் டின் ஒன்று கேட்டால், நீரை வடித்தபின் அதில் இருப்பது 240 கிராம் போல வெந்த கடலைதான். அதற்கு 100 அல்லது 110 கிராம் உலர்ந்த கடலையை முந்தைய இரவே ஊறப்போடுங்கள்.